அஷ்டமியில் விதைக்காத நெல்

நெல் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும் பயிர் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூ திறக்கிற அதே நொடியில் அதன் மகரந்தம் அதன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். வண்டு வேண்டாம், காற்று வேண்டாம், அக்கம்பக்கத்தார் தயவு வேண்டாம். ஆகவே சோளத்திலும் கம்பிலும் செய்வதுபோல நெல்லில் வீரிய ஒட்டு விதையை வயலளவில் உற்பத்தி செய்ய முடியாது, காரணம் கூறுக. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தபோது, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதித் தண்ணீர் பாயும் ஒரு வயலில் நின்று அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான் விதைச் சான்று அலுவலராக இருந்தேன். விதைக்காகப் பயிரிடும் வயலைப் பூப்பதற்கு முன்பும், பூக்கும்போதும், அறுப்பதற்கு முன்பும் போய்ப் பார்ப்பது. வேற்று ரகம் கலந்திருக்கிறதா, பக்கத்து வயல் போதிய தூரத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது. எல்லாம் சரியென்றால் மூட்டைக்கு நீல அட்டை கட்ட அனுமதிப்பது. மனிதர்களைச் சந்தேகிக்கச் சம்பளம் தரும் துறைகள் அரசாங்கத்தில் பல உண்டு. செடிகளைச் சந்தேகிக்கச் சம்பளம் தந்தது எங்கள் துறை ஒன்றுதான்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர்கள் நடுவயதுத் தம்பதி. கணவர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி பேசிவிடுவார். கணவருடைய அண்ணன் கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தார். குடும்ப நிலத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில் அண்ணன் சொல்தான் கடைசி. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு வயலாகத் தென்னந்தோப்பாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வயலுக்கும் தென்னைதான் என்று அண்ணன் முடிவு செய்து, நாற்றுகளைக்கூட லாரியில் கொண்டுவந்து கிணற்று மேட்டில் இறக்கிவிட்டார். அந்த அம்மாள் மட்டும் ஒரே ஒரு போகம் அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார். புதிதாக வந்த வீரிய ஒட்டு நெல்லுக்கு விதை எடுத்துக் காட்டுவது, அது பொய்த்தால் மறுநாளே தென்னைக்குக் குழி எடுப்பது என்று ஒப்பந்தம்.

தென்னை என்றால் ஏன் அவ்வளவு கசப்பு என்று முதல் முறை போனபோது கேட்டேன்.

"தென்னைய வெச்சுப்போட்டா அப்பறம் நான் என்னத்தப் பாக்கறதுங்க சார்? காலம்பூரா அண்ணாந்து பாத்துட்டு உக்காந்திருக்கறதுங்களா?"

வேளாண் பொருளாதார நூல்கள் எதிலும் இந்தக் காரணத்தை நான் படித்ததில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

இந்த விதை உற்பத்தியின் சூட்சுமம் இதுதான். மகரந்தமே உண்டாகாத ஒரு நெல் வேண்டும், அது பெண். அதற்கு மகரந்தம் தர வேறொரு நெல் வேண்டும், அது ஆண். இரண்டையும் வரிசை வரிசையாக ஒரே வயலில் நட்டு, ஒரே நேரத்தில் பூக்க வைத்தால் பெண் வரிசையில் விளைவதுதான் ஒட்டு விதை. அந்த மலட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். தென்சீனத் தீவொன்றில், பள்ளத்தில் களையாகக் கிடந்த காட்டு நெல் ஒன்றுக்கு இருந்த குறை அது. மகரந்தம் செத்துப் பிறக்கும் குறை. வேறு யாராக இருந்தாலும் மாட்டுக்குப் போட்டிருப்பார்கள். யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு களையின் ஊனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயிர் நெல்லுக்குள் கடத்திக்கொண்டுவந்து உடுமலைப்பேட்டை வரை சேர்த்துவிட்டார்கள்.

பயிர் மலட்டுத்தன்மையை ஒரு குடும்பப் பெண்மணியிடம் மரியாதைக் குறைவில்லாமல் எப்படி விளக்குவது என்று எங்கள் கையேட்டில் இல்லை. நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்ததும் அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இது பொண்ணா மட்டுமே பொறந்த நெல்லுங்களா?"

முப்பது வருட அனுபவத்தில் நான் கேட்ட மிகச் சரியான வரையறை. ஆம் என்றேன். எட்டுப் பெண் வரிசைக்கு இரண்டு ஆண் வரிசை என்ற நடவுக் கணக்கையும் சொன்னேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "எட்டுப் பொண்ணுக்கு ரெண்டே மாப்பிள்ளைங்களாமா. சீர் என்ன கேப்பானுகளோ" என்றார். கணவர் சிரிப்பை மறைக்க மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார்.

ஒரே நேரத்தில் பூப்பது என்பதுதான் உயிர்நாடி. ஆண் ரகத்துக்கு வயது கூட, பெண்ணுக்குக் குறைவு. ஆகவே ஆணை முதலில் விதைத்து, சில நாள் கழித்துப் பெண்ணை விதைக்க வேண்டும். இரண்டு தேதிகளையும் இந்த ரகத்தை உருவாக்கிய கோவை விஞ்ஞானியே குறித்துத் தந்திருந்தார். என்னைவிட இளைய பெண்மணி, என்னைவிடக் குறைவாகப் பேசுபவர். நடவு முடிந்த பிறகு நான் போய் விதைப்பு சொன்னபடி நடந்ததா என்று கேட்டபோது, கணவர் "ஆச்சுங்க சார்" என்றார். கொங்கு நாட்டில் "ஆச்சுங்க" என்றால் ஆகிவிட்டது என்று பொருள். எப்போது ஆனது என்பது அதில் அடங்காது. ஒரு வருத்தமான செய்தியை எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்வது இங்கே மரியாதைக் குறைவு.

பயிர் உருண்டு திரளும் பருவத்தில் மறுபடி போனேன். கதிர் வெளியே வருவதற்குப் பல நாள் முன்பே அது தண்டுக்குள், அடியில், உருவாகத் தொடங்கிவிடும். ஒரு தூரைப் பிடுங்கி, பிளேடால் தாளை நெடுக்காகக் கீறி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு பூனைமுடி மாதிரி ஒரு மெல்லிய நரை. பிறகு அந்த நரைக்குள் கிளை கிளையாக, மணி மணியாக முழுக் கதிரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை. வெளியே வெறும் புல்லாக நிற்கும் செடி, உள்ளே ஒவ்வொரு மணிக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இவ்வளவு நேர்த்தியான ஒதுக்கீட்டை நான் தலைமைச் செயலகத்திலிருந்து கூட வரக் கண்டதில்லை.

பெண் தாளில் கதிர் முழுதாகத் திரண்டிருந்தது. ஆண் தாளில் இன்னும் வெறும் பூனைமுடி. வரிசை மாற்றி மாற்றிக் கீறினேன். எல்லாவற்றிலும் அதே கதை. இப்படியே விட்டால் பெண் பூத்து முடித்துக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆண் பூக்கும். வயல் முழுக்கப் பதராகும்.

விதைத்த தேதிகளை மறுபடி கேட்டேன். இந்த முறை இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டேன். விஷயம் மெல்ல வெளிவந்தது. ஆணுக்குக் குறித்த நாள் அஷ்டமியாகப் போயிற்று. மறுநாள் நவமி. அதற்கடுத்த நாள் கரிநாள். பிறகு வந்தது செவ்வாய். செவ்வாயில் அந்த வீட்டில் விதைச் சிப்பத்தைப் பிரிப்பதில்லை. ஆகவே நல்ல நாள் பார்த்து, புதன்கிழமை, சாமி கும்பிட்டு விதைத்திருக்கிறார்கள். சரி, அதே அளவு பெண்ணையும் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. ஆனால் பெண்ணுக்குக் குறித்த நாள் தானாகவே சுபதினமாக அமைந்துவிட்டது. அந்தத் தேதியைக் கண்ணும் கருத்துமாக, மணி தவறாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"நீங்க எழுதிக் குடுத்த தேதிய நாங்களா மாத்தறது மரியாதை இல்லீங்களே சார்" என்றார் கணவர். மாற்றியது ஒன்று, மாற்றாமல் விட்டது ஒன்று. இரண்டுமே பக்தியால்.

அந்த அம்மாள் எழுந்துகொண்டார். கிணற்று மேட்டில் கிடந்த தென்னை நாற்றுகளைப் பார்த்தார். அவை மட்டும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நின்றன.

விதிமுறைப்படி என் வேலை அதோடு முடிந்தது. குறையைக் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்வது என் துறை. காப்பாற்றுவது வேறு துறை. இருந்தாலும் உடுமலை பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து விஞ்ஞானிக்குப் போன் செய்தேன். அஷ்டமி கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தாளைக் கீறியபோது ஆணில் என்ன நீளம் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

அவர் செய்யச் சொன்னவற்றை நான் பிற்பாடு எத்தனையோ பேரிடம் விவரித்திருக்கிறேன். யாரும் முதலில் நம்புவதில்லை. முந்திக்கொண்ட பெண் வரிசைக்கு இலைவழியாக யூரியாக் கரைசல். தழைச்சத்து மிகுந்தால் செடி பூப்பதை மறந்து இலை வளர்க்கும், கொஞ்சம் தாமதிக்கும். பின்தங்கிய ஆண் வரிசைக்கு மணிச்சத்துக் கரைசல், அது விரட்டும். வயலில் தண்ணீர் வற்றவிடக் கூடாது. ஈரம் நின்றால் அந்த ஆண் ரகம் சற்றே வேகமாக வரும். பெண் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஒரே வயலில், பக்கத்துப் பக்கத்து வரிசைகளில், ஒன்றுக்குக் கடிவாளம், இன்னொன்றுக்குச் சாட்டை. நான் ஒரு வாரம் கழித்துப் போய்த் தாளைக் கீறிப் பார்த்தேன். இடைவெளி சுருங்கியிருந்தது. செடிக்குள் ஓடும் கடிகாரத்தின் முள்ளை ஒரு மனுஷி வெளியிலிருந்து நகர்த்தியிருந்தார்.

ஆனாலும் முழுதாகச் சுருங்கவில்லை. பெண் வரிசையில் முதல் கதிர்கள் தலைகாட்டத் தொடங்கின. ஆண் இன்னும் தயாராகவில்லை. விஞ்ஞானி மறுபடி வந்து வரப்பில் நின்று நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, முதலில் வந்திருக்கும் கதிர்களை அறுத்துவிடுங்கள் என்றார்.

கணவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் மாறியது.

"வந்த கதிர அறுத்துப்போடச் சொல்றீங்களா? பச்சக் கதிருங்க அது. எங்கூட்டுல எந்தக் காலத்துலயும் அப்பிடிச் செஞ்சதில்லீங்க."

விஞ்ஞானி கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஒரு தூரைக் காட்டினார். முந்திய கதிரை எடுத்தால் அதே தூரில் பின்னால் கிளைத்து வரும் சிம்புகளுக்குச் சத்து போகும். அவை எல்லாம் சேர்ந்து, ஆண் பூக்கும் நாளில் பூக்கும். "இது தனியா வந்து நின்னு பதராத்தான் போகும். இத விட்டீங்கன்னா பின்னால வர்றதும் கெடும். முடிவு உங்களுதுதாங்க" என்றார்.

அந்த அம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றேன், கணவரும் நின்றார். வயல் முழுக்கக் கதிர் தலைகாட்டும் அழகான நாள் அது. எந்த விவசாயியும் ஊருக்குக் காட்ட விரும்பும் நாள். சற்று நேரம் கழித்து அவர் எழுந்து, "அருவாள எடுத்துட்டு வாங்க" என்று கணவரிடம் சொன்னார். முதல் கதிரை அவரே அறுத்தார். அறுத்ததைக் கீழே போடவில்லை. முந்தானையில் வாங்கிக்கொண்டார். கூலிக்கு வந்த பெண்களும் வரிசைக்கு ஒருவராக இறங்கினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கதிர் அறுக்கும் பைத்தியத்தைப் பற்றி மாலைக்குள் கோயம்புத்தூர் அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. குழி எடுக்க ஆள் சொல்லிவிட்டேன், வருகிற வாரம் வருகிறேன் என்று பதில் வந்தது.

அடுத்த அதிசயம் ஒரு பொடி. இந்த மலட்டுப் பெண் நெல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. கதிர் தாளை விட்டு முழுதாக வெளியே வராது. கழுத்து வரை போர்வைக்குள் இருந்தபடியே பூக்கும். உள்ளே இருக்கும் பூவுக்கு மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி. முழு வயலுக்கும் தேவைப்பட்டது தீப்பெட்டிக்குள் அடங்கும் வெள்ளைப் பொடி. அது தண்ணீரில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். கருப்பட்டிக் காப்பிக்கு மேல் எதையும் தொடாத வீட்டில் சாராயத்துக்கு எங்கே போவது? உறவினர் ஒருவர் கல்லூரி ஆய்வகத்தில் இருந்ததால் சுத்த ஆல்கஹால் ஒரு சிறு குப்பியில் வந்தது. அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்க மறுத்து, மோட்டார் ரூமில் வைத்தார் அந்த அம்மாள்.

தெளித்த இரண்டாம் நாள் நான் போனபோது, வழி தவறி வேறு வயலுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கதிர்கள் எல்லாம் போர்வையை உதறிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆண் வரிசை ஒரு முழம் உயர்ந்து மேலிருந்து குனிந்து நின்றது. இதைக் கையேட்டில் பலமுறை படித்திருந்தேன். படித்தது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அண்ணன் காரில் வந்து இறங்கியதும் அன்றுதான். வெள்ளைச் சட்டை, கையில் அளவு நாடா. குழிக்கு அடையாளம் வைக்க இரண்டு ஆட்களும் கூட. தம்பி மனைவி காப்பி கொடுத்தார். "உச்சி வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்பறம் உங்க இஷ்டமுங்க" என்றார்.

நெல் பூப்பதற்கு நேரம் உண்டு. வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு திறக்கும், உச்சிக்குள் மூடிவிடும். வெளியே வந்த மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அன்று காற்றே இல்லை. தூரத்தில் புதிதாக நட்டிருந்த காற்றாலைகள் மூன்று இறக்கைகளையும் விரித்தபடி சும்மா நின்றன. காற்று செய்யாத வேலையை ஒரு கயிறு செய்ய வேண்டும். நீளமான நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கணவரும் மறுமுனையை அந்த அம்மாளும் பிடித்துக்கொண்டு எதிரெதிர் வரப்பில் நின்றார்கள். விஞ்ஞானி ஒரு ஆண் கதிரைக் குனிந்து பார்த்தார். மணிகள் வாய் திறந்து மஞ்சள் பைகள் வெளியே தொங்கத் தொடங்கியிருந்தன. பெண் கதிரையும் பார்த்தார். அங்கே மணிகளின் இரு பக்கமும் இறகு போல இரண்டு சூல்முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கையை உயர்த்தி, "இப்ப" என்றார்.

இருவரும் நடந்தார்கள். கயிறு ஆண் வரிசைகளின் தலையைத் தடவிக்கொண்டு போனது. கதிர்கள் வளைந்து நிமிர்ந்தன. அந்த நிமிர்வில் ஒவ்வொரு கதிரிலிருந்தும் வெளிர் மஞ்சளாக ஒரு புகை எழுந்தது. வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை அந்தப் புகை கயிற்றுக்குப் பின்னால் நடந்து வந்தது. வெயிலில் ஒரு கணம் நின்றது. பிறகு மிக மெதுவாக, கூட்டம் கலைவது போல, பெண் வரிசைகளின் மேல் இறங்கியது. பச்சரிசி வேகும்போது எழும் வாசனை போல ஒன்று வந்தது. நான் கையிலிருந்த பேனாவை மூட மறந்து சட்டையில் மை வைத்துக்கொண்டேன்.

நெல்லின் மகரந்தத்தை நான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஒரு வயல் மூச்சு விடுவது போல அது மொத்தமாகக் கிளம்பும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்தப் பயிர் தன் கதவுக்குள்ளேயே இதை முடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு காட்டுக் களையின் ஊனம், ஒரு பொடி, ஒரு கயிறு. இந்த மூன்றையும் வைத்து அதை வாசலுக்கு வரவழைத்துவிட்டார்கள்.

திரும்பவும் இழுத்தார்கள். திரும்பவும் புகை. அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார். கயிற்றையும் கதிரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுக்கு ஒரு சின்ன மோட்டார் வெச்சு, ரெண்டு பக்கமும் கப்பி போட்டு ஓட்டுனா ஆகாதுங்களா?" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வியந்துபோனார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. விஞ்ஞானி முதல் முறையாகச் சிரித்தார். அண்ணன் உச்சி வரை காத்திருந்தார். அடையாளம் வைக்க வந்த ஆட்களைக் கயிறு இழுக்கச் சொன்னார். கூலி கொடுத்தாயிற்றே, சும்மா இருப்பானேன்.

பூப்பு முடியும் வரை தினமும் கயிறு இழுத்தார்கள். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சூல் பிடித்ததா என்பது வெளியே தெரியாது. பதரும் முதலில் மணி போலவே நிற்கும். நான் போன அன்று அந்த அம்மாள் வயலுக்குள் வரவில்லை. வரப்பிலேயே நின்றார். நான் பெண் வரிசைக்குள் இறங்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளினேன். வெறும் உமி. அடுத்ததும் உமி. மூன்றாவதில் நகத்தின் மேல் ஒரு சொட்டுப் பால் நின்றது.

கையை நீட்டிக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கி வந்தார். அவரே கிள்ளிப் பார்த்தார். பால். இன்னொன்று; பால். இன்னொன்று, உமி. நிதானமாக வரிசையின் நீளத்துக்கும் கிள்ளிக்கொண்டே போனார். பால் வந்த மணிகளே அதிகம் என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தன் சொந்த மகரந்தம் ஒரு துளி கூட இல்லாத செடி அது. இருந்தும் பால் கட்டியிருந்தது.

விளைச்சல் நிறைவு என்று சொல்ல மாட்டேன். அஷ்டமி தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. விதிமுறைப்படி ஆண் வரிசைகளை முதலில் அறுத்து வெளியேற்றி, பிறகே பெண்ணை அறுத்தார்கள். நீல அட்டை கட்டிய மூட்டைகளை அண்ணன் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த போகத்துக்கு விஞ்ஞானி தேதி குறித்தபோது, அந்த வீட்டு நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குறித்தார். அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிச்சமிருந்த நாட்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி குலையாமல் பார்த்தார். இதற்கு எந்த அரசாணையும் இல்லை. நான் ஆட்சேபம் எழுப்பவில்லை.

தென்னை நாற்றுகள் அதற்குள் சாக்கைத் துளைத்துக் கிணற்று மேட்டிலேயே வேர் விட்டிருந்தன. அவற்றை வயலின் எல்லை நெடுக நட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் தோப்புக்கு மாறிவிட்டதால் வேறு நெல் எதுவும் அருகில் இல்லை. விதை வயலுக்கு நான் கேட்க வேண்டிய விலகு தூரம் தானாகவே அமைந்துவிட்டது. அந்த அம்மாள் நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இது ஓரமா நிக்கட்டுமுங்க சார். அண்ணாந்து பாக்க நேரங் கெடச்சாப் பாத்துக்கறேன்."